எட்டுப் பேர் பதிவு செய்திருக்கிறார்கள்

கணவர்: மனித நாகரிகம் ரெண்டே ரெண்டு தூண் மேல நிக்குது. ஒண்ணு நிரை. இன்னொண்ணு நிரல். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு... அந்தக் கட்டத்துக்குள்ள இந்த உலகமே அடங்கிடும்!

மனைவி: நீங்க நிக்கிற ஸ்டூலுக்கு மூணு கால்தான் உருப்படி. முதல்ல இறங்குங்க.

கணவர்: உயரத்துல நின்னு ஒத்திகை பார்த்தாத்தான் குரல் கடைசி வரிசை வரைக்கும் போகும்.

மனைவி: மொத்தமே எட்டு நாற்காலி. கடைசி வரிசைன்னா ரெண்டாவது வரிசை.

கணவர்: எட்டுன்னா உனக்கு இளக்காரமா? இன்னிக்கு நாலு மணிக்குள்ள என் வகுப்புல எட்டு பேர் சேரலைன்னா மாடி அறையை செஸ் கிளப்புக்குக் குடுத்துடுவேன்னு நூலகத்து அம்மா கறாரா சொல்லிட்டாங்க. நேத்து மதியம் வரைக்கும் ரெண்டே பேர். சாயங்காலம் பார்த்தா, ஒரே மூச்சுல ஆறு பேர்!

மனைவி: ஒரே மூச்சுலயா...

கணவர்: நண்பர்கள் கூட்டமா இருக்கும். பேசி வச்சுக்கிட்டு சேர்ந்திருக்காங்க. என் பேரு எங்கெங்கயோ பரவியிருக்கு பாரு.

மனைவி: சட்டையைக் கழட்டுங்க. பட்டன் தொங்குது.

கணவர்: பனியனோட பாடம் நடத்தினா கம்பீரம் போயிடுமே.

மனைவி: இருந்தாத்தானே போறதுக்கு?

கணவர்: அதுவும் வாஸ்தவம்தான். இந்தா... சரி, கவனி. தரவுத்தளம்னா என்ன? அலமாரி. தரவுத்தள மேலாண்மை அமைப்புன்னா என்ன? அந்த அலமாரிக்குப் பொறுப்பாளி. யார் திறக்கலாம், எது எந்தத் தட்டுல இருக்கணும், இடம் மாத்தி வச்சா கத்தறது...

மனைவி: அப்போ இந்த வீட்ல அலமாரி நீங்க, அமைப்பு நான்.

கணவர்: இதை வகுப்புல சொல்லிக்கட்டுமா?

மனைவி: சொல்லுங்க. ஒருத்தராவது சிரிக்கணும்ல.

கணவர்: அடுத்து வர்றதுதான் உயிர்நாடி. எல்லாத்தையும் ஒரே அட்டவணையில கொட்டக் கூடாது. ஆளுங்களுக்கு ஒரு அட்டவணை. அவங்க குடுக்கற வேலைக்குத் தனி அட்டவணை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு உறவு...

மனைவி: பச்சை நோட்டு, சிவப்பு நோட்டு.

கணவர்: என்னது?

மனைவி: பச்சை நோட்டுல, தைக்கக் குடுக்கறவங்களோட பேரு, வீடு, ஃபோன். ஆளுக்கு ஒரு நம்பர். சிவப்பு நோட்டுல அளவு. அதுல பேரே எழுத மாட்டேன், நம்பர் மட்டும்தான். யாராவது வீடு மாறினா பச்சையில ஒரு இடத்துல திருத்தினா போதும்.

கணவர்: இது... எப்போலேர்ந்து?

மனைவி: பதினாலு வருஷமா.

கணவர்: இதுக்குத்தான் நான் ரெண்டு வருஷம் படிச்சு, சான்றிதழ் வாங்கி, கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டியிருக்கேன்.

மனைவி: நல்ல ஆணி. அதுலதான் கத்திரிக்கோலைத் தொங்க விடறேன்.

கணவர்: இரு, இரு. பேரையே எழுதியிருக்கலாமே. நம்பர் எதுக்கு? சொல்லு பார்ப்போம்.

மனைவி: ஒரே பேர்ல மூணு பேர் வந்தாங்க. குண்டா இருக்கறவங்க அளவுல ஒல்லியா இருக்கறவங்களுக்குத் தச்சுக் குடுத்துட்டேன். தொளதொளன்னு இருக்கு, ரொம்ப இளைச்சுட்டேன்னு சொல்லி அவங்க தெருவெல்லாம் சந்தோஷமா சுத்தினாங்க. உண்மையை இன்னும் சொல்லலை.

கணவர்: அதேதான்! முதன்மைச் சாவி! ஒரு ஆளுக்கு ஒரே ஒரு அடையாளம். அது இல்லாத அட்டவணை அட்டவணையே இல்லை, குப்பைத்தொட்டி! இந்த இடத்துல மேஜையை ஓங்கித் தட்டப் போறேன்.

மனைவி: நூலகத்துலயா? வெளியில அனுப்பிடுவாங்க.

கணவர்: வெளியில போறது எனக்குப் புதுசா என்ன? அதையும் சொல்லப் போறேன். ஒரு வரியை நீக்கறது எப்படின்னு பாடம் வருதுல்ல, அங்க.

மனைவி: ஐயோ, அந்தக் கதை வேண்டாங்க.

கணவர்: என்கிட்ட இருக்கற ஒரே அனுபவம் அதுதானேம்மா. மேலாளர் பட்டியலை நீட்டினாரு. ஊழியர் அட்டவணையிலேர்ந்து இந்தப் பன்னிரண்டு பேரையும் நீக்கிடுங்க, இவங்களுக்கு நாளையிலேர்ந்து வேலை இல்லைன்னாரு. நான் மடமடன்னு நீக்கினேன். ஒன்பதாவது பேரு என்னோடது.

மனைவி: அங்கயாவது நிறுத்தியிருக்கலாம்.

கணவர்: இன்னும் மூணு பாக்கி இருந்துச்சே! எடுத்த வேலையைப் பாதியில விடற ஆளா நான்? நீக்கறதுக்கு முன்னாடி ஒரு நகல்கூட எடுத்து வச்சேன். அவ்வளவு ஒழுங்கு. அவருகூட பாராட்டினாரு.

மனைவி: அதுக்கப்புறம் ஏழு மாசம் ஜன்னல் ஓரமா இந்த ஸ்டூல்லயே உக்காந்திருந்தீங்க.

கணவர்: கால் ஆடறது அதனாலதான்... கேலி இருக்கட்டும். கீழ் வீட்டுக்காரர் படிக்கட்டுல பார்க்கறப்போ எல்லாம் எங்க கிளம்பிட்டீங்கன்னு கேக்கறாரு. சும்மான்னு சொல்றேன். சும்மாவான்னு திரும்பக் கேக்கறாரு. இந்த அறை கிடைச்சுட்டா சனிக்கிழமை ஒரு நாளாவது, வகுப்புக்குப் போறேன்னு சொல்லலாம். அவ்வளவுதான் என் ஆசை.

மனைவி: ம்... ஏங்க, அந்த எட்டு பேரு யாரு யாருன்னு பார்த்தீங்களா?

கணவர்: பார்க்கலை. எண்ணிக்கை மட்டும் தெரியற மாதிரிதான் இணையத்துல பதிவுப் பக்கத்தை அமைச்சிருக்கேன். அடுத்தவங்க அந்தரங்கம்னு ஒண்ணு இருக்கு.

மனைவி: ஒரு தடவைகூடவா?

கணவர்: நெறிம்மா, நெறி. நீ ஏன் கேக்கற?

மனைவி: சும்மா.

கணவர்: சும்மாவா?

மனைவி: இல்ல... அந்தப் பக்கத்துல பட்டனை அமுக்கினா, அது ஏதாவது சொல்லுமா?

கணவர்: என்ன சொல்லணும்?

மனைவி: நன்றி, சேர்ந்துட்டீங்க, வாங்க... அந்த மாதிரி.

கணவர்: அமைதியா வாங்கி வச்சுக்கும். நல்ல மென்பொருள் அலட்டிக்காது.

மனைவி: ஓ.

கணவர்: ஃபோன் அடிக்குது. நூலகத்து அம்மாதான்! ஸ்பீக்கர்ல போடறேன், நீயும் கேளு... வணக்கம் மேடம்!

நூலகர்: வணக்கம் வாத்தியார் சார். எட்டு நாற்காலி போட்டாச்சு. செஸ் கிளப் செயலாளர் பலகையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு இங்கயே நிக்கறாரு, நகர மாட்டேங்கறாரு. வருகைப் பதிவேட்டுல எழுதணும். எட்டு பேரையும் படிங்க.

கணவர்: பேரா? எண்ணிக்கை போதாதா மேடம்?

நூலகர்: எண்ணிக்கை வந்து கையெழுத்துப் போடாதே சார்.

கணவர்: ஒரு அஞ்சு நிமிஷம்... அட்டவணை திறந்துக்கிட்டே இருக்கு.

நூலகர்: அஞ்சே நிமிஷம். இவரு கடிகாரத்தை ஓட விட்டுட்டாரு.

மனைவி: வச்சுட்டாங்களா?

கணவர்: வச்சுட்டாங்க. எங்க அந்த மடிக்கணினி...

மனைவி: திறக்காதீங்க.

கணவர்: ஏன்?

மனைவி: அதுல என் பேரு இருக்கும்.

கணவர்: உன் பேரா? நீ எதுக்கு...

மனைவி: ரெண்டுக்கு மேல ஏறவே இல்லைன்னு ரெண்டு நாளா நீங்க சரியாச் சாப்பிடலை. ஒண்ணாவது கூடட்டும்னு அமுக்கினேன். அது பாட்டுக்கு ஊமையா இருந்துச்சு. போச்சா போகலையான்னு தெரியலை. திரும்ப அமுக்கினேன்.

கணவர்: எத்தனை தடவை?

மனைவி: ஆறு.

கணவர்: ஆறா! அந்த நண்பர்கள் கூட்டம்...

மனைவி: நான் ஒருத்திதான். ஒரே ஆளு ஆறு தடவை வந்தா அது தடுக்காதா? முதன்மைச் சாவி போடலையா நீங்க?

கணவர்: அது மூணாவது வாரத்துப் பாடம்.

மனைவி: மூணாவது வாரமா? ஹ... ஹஹ்ஹா!

கணவர்: சிரிக்காத. சரி, சிரி. வேற யாராவது இதைப் பண்ணியிருந்தா நான் உருண்டு உருண்டு சிரிச்சிருப்பேன்.

மனைவி: விடுங்க. அதான் முதல்லயே சேர்ந்த ரெண்டு பேர் இருக்காங்கல்ல? உங்க முகம்கூடத் தெரியாம, உங்க பாடத்தைக் கேக்கணும்னு வராங்க. என்னையும் சேர்த்தா மூணு. செஸ்ஸுக்கே ரெண்டு பேர்தான் வேணும். நான் பேசறேன் அந்தம்மாகிட்ட.

கணவர்: வேண்டாம். பேச வேண்டாம்.

மனைவி: ஏங்க இப்படி உடைஞ்சு போறீங்க? இந்தாங்க, பட்டன் தச்சாச்சு, சட்டையைப் போடுங்க. அந்த ரெண்டு பேருக்காகவாவது போகணும். நான் ஃபோன் போடறேன், நீங்க அவங்க பேரைப் படிங்க. யாருங்க அவங்க?

கணவர்: முதல் நாளே பதிஞ்சது. ரெண்டும் நான்தான்.