இடப்பக்கக் கதவு

கதவக் கீழ வச்சிராதீங்க தம்பி, தகடு மடங்கிரும். ரெண்டு கையாலயும் புடிங்க. ஆங், அப்படித்தான். இந்தக் கதவு ஒண்ணுதான் பாக்கி, பேசிக்கிட்டே முடிச்சிருவோம். இவ்வளவு தூரம் வந்துட்டு சும்மா நிப்பானேன்?

உங்க விஷயம் மறக்கல. பச்சைக் காரு, அப்பாவோடது, வித்துப் பதினெட்டு வருஷமாச்சு. போட்டோவும் பாத்தாச்சு. இந்த மாடல் யார்கிட்ட இருந்தாலும் கடைசில என் ஷெட்டுக்குத்தான் வரணும். நீங்க சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க.

அப்பா எப்படி? படுத்த படுக்கையாவா? அடடா. ஜன்னலுக்கு வெளிய அந்த வண்டி நிக்கணும், ஒரு தடவ ஹாரன் கேக்கணும், அப்புறம் கண்ண மூடுறேங்கறாராக்கும். டாக்டர் பத்து நாள்தான்னுட்டாரா? ம். போற நேரத்துல ஆசைக்கு என்ன கொறச்சல்.

இந்த வண்டியையா? இத ஏன் வெட்டுறேன்னா, மூலைல செவப்பா ஒண்ணு நிக்குது பாருங்க, அதுக்காக. ஒரு பல் டாக்டரோடது. கதவு, மட்கார்டு எல்லாம் அப்பளமா நொறுங்குது. புதுத் தகடு எந்தக் கடைல இருக்கு? இன்னொரு வண்டி செத்தாத்தான் அது பொழைக்கும். இந்த வெள்ள வண்டி நல்ல வண்டிதான், பொட்டுத் துரு கெடையாது. போன வாரம் யாரோ ஓட்டிக்கிட்டு வந்து விட்டாங்க, வாங்கிப் போட்டேன். பாவமா? தகடுக்குப் பாவம் பாத்தா டிங்கர் வேல பாக்க முடியுமா தம்பி?

என்ன, கையவே பாக்கறீங்க? ரெண்டு விரல் கொறையுது, அதானே. ஒரு கதவு கடிச்சிருச்சு. அப்ப ஒரு பெரிய மனுஷன்கிட்ட டிரைவரா இருந்தேன். வண்டின்னா அவருக்கு உசுரு. ஒரு நாள் கதவோரத்துல ஒரு கீறல். சத்தியமா நான் போடல. எங்கடா கீறல், தொட்டுக் காட்டுன்னாரு. ஓரத்துல விரல வச்சுக் காட்டினேன். சாத்திட்டாரு.

கை தவறியா? நல்லாச் சொன்னீங்க போங்க. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சாத்தினாரு. ரத்தம் சீட்டுல படுதுன்னு தொடைக்க வேற சொன்னாரு. இன்னொரு கையால தொடச்சேன். அப்புறம் வேலைக்கு வராதேன்னுட்டாரு. விரல் இல்லாதவன் எப்படி ஸ்டியரிங் புடிப்பான்னு கேட்டாரு.

அத விடுங்க. இந்தாங்க உப்புத்தாள். கதவ மடில சாச்சுக்கிட்டு ஓரத்துல பெயிண்ட நல்லாத் தேய்ங்க. வெல்டு வச்ச புள்ளி தெரிஞ்சாத்தான் நான் டிரில் வைக்க முடியும். அழுத்தித் தேய்ங்க, காலேஜ் படிச்ச கை மாதிரி தடவாதீங்க. இன்னும் கொஞ்சம். வெள்ள போயிருச்சா? அடியில பழைய பெயிண்ட் கோட்டு வருதா?

ஏன் நிறுத்திட்டீங்க?

பச்சைதான். எனக்குத் தெரியும். வந்த அன்னிக்கே அந்த ஓரத்தத் தடவிப் பாத்துட்டேன். கீறலும் அங்கதான் இருக்கும், தேடுங்க.

ஒட்ட வைக்கவா? மேக்கூர அறுத்தாச்சு, தூணு ரெண்டும் அறுத்தாச்சு, மட்கார்ட வந்ததுமே நீங்களே தூக்கி வெளிய வச்சீங்க. இனிமே ஒட்ட வச்சா உங்க அப்பாவத்தான் ஏமாத்தலாம்.

உண்மையச் சொல்லிடறேன். நேத்து சாயங்காலம் வரைக்கும் இத வெட்டுற எண்ணமே எனக்கு இல்ல. பல் டாக்டருக்கு வேற வண்டி சொல்லி வச்சிருந்தேன். நீங்க போன் பண்ணி இன்னாரு மகன்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் முடிவு பண்ணேன். காலைல ஆறு மணிக்கு மொத வெட்டு. நீங்க வர்ற வரைக்கும் இந்தக் கதவ மட்டும் தொடல.

அழாதீங்க சின்னவரே. அப்படித்தானே உங்கள வீட்ல கூப்பிடுவாங்க? நீங்க அப்ப ஹாஸ்டல்ல இருந்தீங்க, என்னத் தெரிஞ்சிருக்காது. ஹாரனக் கழட்டி அந்த டப்பால போட்டிருக்கேன், கொண்டு போங்க. வயர பேட்டரில தொட்டா ஹாரன் அடிக்கும். அப்பா காதுகிட்ட வச்சு அடிங்க. வண்டி எங்கன்னு கேட்டா, ரெண்டு விரல மடக்கிக் காட்டுங்க. புரிஞ்சுக்குவாரு.

கதவ மெதுவா வைங்க. கீறல் விழுந்துரப் போகுது.