என் கைப்பையில் இருந்த பொட்டலம்

காவல் நிலையத்தில் பெண் சார்பு ஆய்வாளர் அவர்கள் விசாரிக்க நான் கூறும் வாக்குமூலம்.

என் பெயர் சத்யப்பிரியா. வயது 32. கணவர் பெயர் குகன். திருப்பூர் நெருப்பெரிச்சல் பகுதியில் ஒரு லைன் வீட்டில் கணவருடனும், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் வேல்விழியுடனும் குடியிருந்து வருகிறேன். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். என் கணவர் அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருக்கிறார்.

என் கணவருக்குப் பள்ளியில் படிக்கும் காலத்திலிருந்தே முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளது. உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை என்பதால் தினமும் ஊசி போட்டுக்கொண்டால்தான் உயிரோடு இருக்க முடியும். இது தெரிந்துதான் நான் அவரைத் திருமணம் செய்துகொண்டேன். ஊசியை அவர் ஒரு நாளும் தவறவிட்டவர் அல்ல. கம்பெனியில் டீ இடைவேளையின்போது மெஷின் மறைவில் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் வேலையில் நிற்பார்.

சில வருடங்களாக அவருக்கு இரண்டு கால்களிலும் எரிச்சல் ஏற்பட்டு வந்தது. போர்வை பட்டால் தாங்காது, மின்விசிறிக் காற்று பட்டாலும் தாங்காது. வேலை செய்யும்போது வேஸ்ட் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பாதத்தில் சுற்றிக்கொண்டு, துணி தேய்க்கும் ஸ்டீம் டேபிள் முன்னால் நிற்பார். ஒரு முறை என்னிடம், "சத்யா, அயர்ன் பாக்ஸ எடுத்து என்ற கால்ல வெச்ச மாதிரியே இருக்குது. எடுக்கச் சொல்லிக் கத்தறதுக்கு அங்க பாக்ஸே இல்ல" என்றார்.

நரம்பு பாதிப்புக்கு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். எரிச்சல் ஓரளவு குறைந்தது, ஆனால் நின்றபடியே தூக்கம் வந்தது. ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் டீ-ஷர்ட்டைக் கருக்கிவிட்டதற்கு சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் திட்டினார். அதன் பிறகு என் கணவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். வேறு மாத்திரை கேட்கலாம் என்று நான் கூப்பிட்டதற்கு வரவில்லை.

அதன் பிறகு, எங்களுடன் பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் தூத்துக்குடிப் பக்கத்தைச் சேர்ந்த ராபின் என்பவர், என் கணவர் கால்களைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தன்னிடம் இருந்த கஞ்சாவைக் கொடுத்திருக்கிறார். இதை என் கணவரே அன்று வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவர் சிரித்துப் பேசினார். வேல்விழியைத் தன் இரண்டு பாதங்கள் மேலும் நிற்க வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். அதைப் பார்த்த பிறகு நான் சத்தம் போடவில்லை.

அதன் பிறகு அது பழக்கமானது. ராபின் மேலும் கொடுக்க மறுத்துவிட்டதாகவும், வேறு ஆளிடம் வாங்குவதாகவும் என் கணவர் சொன்னார். அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. நான் பலமுறை சண்டை போட்டேன். "நீ வேணும்னா ஒரு நாளைக்கு என்ற கால வாங்கிக்க, அப்பறம் பேசு" என்றார். முன்பெல்லாம் குளித்துவிட்டு வந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தின் அடியைப் பார்ப்பார், சர்க்கரை உள்ளவர்கள் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எரிச்சல் அடங்கிய பிறகு கால் சரியாகிவிட்டது என்று நினைத்து அதை விட்டுவிட்டார்.

இரண்டு வாரங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை அவருக்குக் காலையிலிருந்து வாந்தி எடுத்தது. எதுவும் சாப்பிட முடியவில்லை. சாப்பிடாமல் ஊசி போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும் என்று ஊசியை விட்டுவிட்டார். கஞ்சா குடித்தால் வாந்தி நிற்கும் என்று அதைக் குடித்தார். கொஞ்ச நேரம் நின்றது போல் இருந்து மறுபடியும் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் குளியலறையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு போய்ப் பொட்டலத்தைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் எழுந்து வந்து கேட்பார் என்று நினைத்தேன், எழவில்லை. ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு என்னைப் பார்த்து, "மெஷின நிறுத்து" என்றார்.

உடனே மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சாமளாபுரத்தில் விசைத்தறி வைத்திருக்கும் என் கணவரின் அண்ணன் சென்னியப்பன் அவர்களுக்கு போன் செய்து சொல்லிவிட்டு, ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றேன். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணனும் பைக்கில் வந்துவிட்டார்.

அங்கிருந்த பெண் மருத்துவர் என் கணவரின் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "சர்க்கரை மெஷினே அளவு காட்ட முடியாத அளவுக்கு ஏறியிருக்கும்மா. இன்சுலின் இல்லாம ரத்தம் கெட்டுப்போயிருக்கு. ஆனா இந்த மயக்கம் அதனால மட்டுமான்னு எனக்குத் தெரியணும். கண்ணெல்லாம் சிவந்திருக்கு. வேற ஏதாச்சும் எடுத்துக்கிட்டாரா? மாத்திரை, கஞ்சா, எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்று கேட்டார்.

அப்போது விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கூட்டி வந்திருந்த காவலர் அடுத்த கட்டிலின் அருகே நின்றுகொண்டிருந்தார். என் கணவரின் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அம்மிணி, ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிப்போடு. பொட்டலம் எங்க?" என்றார். என் பையில் இருப்பதாகச் சொன்னேன். "கக்கூசுல போட்டுத் தண்ணி ஊத்தீட்டு வா. உன்ற கைல இருந்து எடுத்தா உன்னையவும் சேத்துத்தான் உள்ள வெப்பாங்க. அப்பறம் புள்ளைய ஆரு பாக்கறது?" என்றார். அவர் எங்கள் மீது உள்ள அக்கறையில்தான் அப்படிச் சொன்னார்.

நான் கழிப்பறை வரை போனேன். உள்ளே ஆள் இருந்ததால் கதவுக்கு வெளியே நின்றேன். அங்கிருந்து என் கணவர் மூச்சு வாங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஆள் வெளியே வந்த பிறகும் நான் உள்ளே போகவில்லை. திரும்பி வந்து, "மாமா, அவரு செத்துப்போனா நான் ஆருக்காக மறைக்கறதுங்க?" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை எடுத்து மருத்துவரின் கையில் கொடுத்து, "கஞ்சாங்க. நேத்தும் குடிச்சாருங்க, இன்னைக்கும் குடிச்சாருங்க. நேத்திருந்து ஊசி போடலீங்க" என்று சொன்னேன். காவலர் திரும்பிப் பார்த்தார். எங்கள் பெயரையும் முகவரியையும் அவர் கேட்டது அதன் பிறகுதான்.

இதில் வேறு போதை மாத்திரை எதுவும் கலந்திருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். எனக்குத் தெரியாததால், இதைப் பற்றித் தெரிந்தவர் என்று ராபினுக்கு போன் செய்தேன். போனிலேயே சொன்னால் போதும் என்றேன். அவர் போனில் சொல்லாமல் நேரிலேயே வந்துவிட்டார். காவலர் நிற்பதைப் பார்த்தும் போகவில்லை. பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இலை மட்டுந்தான் டாக்டர், வேற ஒண்ணும் கலக்கல. மொதல்ல குடுத்தவன் நான்தான். அண்ணன் கால்வலியில கெடந்து துடிக்கத பாத்துட்டுத்தான் குடுத்தேன்" என்றார். என்னிடம், "மதினி, என்னைய மன்னிச்சிருங்க" என்றார். அவரைத் தேடிப் பிடித்ததாக எழுத வேண்டாம், அவர் தானாகவே வந்தார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு செவிலியர் என் கணவரின் காலுறையைக் கழற்றியபோது வலது காலில் அது தோலோடு ஒட்டியிருந்தது. பாதத்தின் வெளி ஓரமும் கடைசி இரண்டு விரல்களும் வெந்து கறுத்திருந்தன. ஸ்டீம் டேபிளுக்கு அடியில் போகும் சூடான குழாயின் மேல் காலை வைத்தபடி நின்றிருக்க வேண்டும். எப்போது நடந்தது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. மருத்துவர் என்னிடம், "நரம்பு கெட்டதாலதான் எரியுது. அதே நரம்பு கெட்டதாலதான் சுட்டதும் தெரியல. கஞ்சா எரிச்சலை மறக்கடிச்சிருக்கலாம், நரம்பைச் சரி பண்ணல. சாப்பிடலைன்னாலும் ஊசியை முழுசா நிறுத்தவே கூடாதும்மா" என்று சொன்னார். அந்தப் புண்ணில் ஏறிய கிருமியால்தான் வாந்தியும் ஆரம்பித்திருக்கலாம் என்றும் சொன்னார்.

அதன் பிறகு என் கணவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். நினைவு திரும்பி உடல் தேறிய பிறகு, வலது காலில் அந்த இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். பாதத்தைக் காப்பாற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.

அண்ணன் மூலமாக நடந்ததைத் தெரிந்துகொண்டு, என் கணவர் என்னிடம், "நீயே எடுத்துக் குடுத்தியா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். "போலீசு நிக்கறது தெரிஞ்சுமா?" என்றார். "தெரிஞ்சுதானுங்க குடுத்தேன்" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கொண்டுபோன மோரையும் வாங்கவில்லை.

அப்போது அந்த மருத்துவர் வந்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மெல்லிய நைலான் இழை போன்ற ஒன்றை இடது பாதத்தில் வைத்து, படுவது தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் கணவர் ஒவ்வொரு தடவையும் "தெரியுதுங்க" என்றார். ஒரு தடவை மருத்துவர் தொடாமலேயே கேட்டார். அதற்கும் "தெரியுதுங்க" என்றார். மருத்துவர் கையைப் பாதத்திலிருந்து தள்ளியே வைத்திருந்தார். என் கணவர் கண்ணைத் திறந்து முதலில் மருத்துவரின் கையையும் பிறகு என்னையும் பார்த்துவிட்டு, "தெரியலீங்க டாக்டர். ரொம்ப நாளாவே தெரியலீங்க. சொன்னா டேபிள்ல நிக்க விடமாட்டாங்கன்னு ஆருகிட்டயும் சொல்லலீங்க" என்று சொல்லி அழுதார். அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். அவர் கஞ்சாவை விடுவதற்கும் கால் எரிச்சலுக்கும் சேர்த்தே சிகிச்சை எடுத்துக்கொள்வதாக அப்போதே மருத்துவரிடம் சொன்னார். அதன் பிறகு மோரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

தங்களிடம் காட்டப்பட்ட பொட்டலம் நான் மருத்துவரிடம் கொடுத்த அதே பொட்டலம்தான். அது என் கைப்பையில் இருந்தது. அதை யாரும் என்னிடமிருந்து சோதனை செய்து எடுக்கவில்லை. அதற்காக என் மீது நடவடிக்கை உண்டென்றால் அதற்குக் கட்டுப்படுகிறேன். என் கணவரின் சிகிச்சை தடைபடாமல் விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்லத் தாங்கள் எழுதியதை நானே வாங்கிப் படித்துப் பார்த்தேன். என் கணவரைப் பற்றி "கஞ்சா பழக்கத்துக்கு அடிமையானவர்" என்று எழுதியிருந்தது. அதை அடிக்கச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் "கால் எரிச்சல் தாங்க முடியாமல்" என்று சேர்க்கச் சொன்னேன். தாங்கள் சேர்த்து எழுதி, பக்கத்தில் என் சுருக்கொப்பம் பெற்றீர்கள். இப்போது இதில் உள்ளவை எல்லாம் நான் சொன்னவை, நடந்தவை.

(ஒப்பம்)
கு. சத்யப்பிரியா