தக்காளிக்கு ஸ்நானம்

யுத்த காலத்தில் மாட்டுங்காவில் எங்கள் கட்டடம் முழுவதற்கும் கீழே ஒரே குழாய்தான் இருந்தது. ஒரு நாள் காலை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். மூன்றாம் மாடிக்காரி பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னாள்:

“எங்காத்துத் தக்காளிக்கு தினம் ரெண்டு பால்டி தண்ணியில ஸ்நானம், மாமி. எனக்கு அரை பால்டி.”

“தக்காளிக்கு எதுக்குடி ஸ்நானம்?”

“மண்ணே வேண்டாமாம், தண்ணியிலேயே வளருமாம். எங்காத்துக்காரர் ஏதோ பத்திரிகையில படிச்சுட்டார். மண்ணெண்ணெய் டின்னுல எல்லாம் ஜல்லியைக் கொட்டி, உரப்பொடியைக் கரைச்சு விட்டு, பால்கனியில வரிசையா வெச்சிருக்கார். தண்ணியை மாத்தலேன்னா வேர் அழுகிடுமாம்.”

“அத்தனை தண்ணியும் யார் தூக்கறா?”

“நான்தான். அவருக்கு ஆபீஸ் வண்டி போயிடுமே.”

“காய்ச்சுதோ?”

“நாலு காய்ச்சுது. ரசத்துக்கு ஒண்ணு கேட்டேன். நாலையும் ஆபீஸ் துரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துட்டார்.”

“துரை என்ன சொன்னானாம்?”

“அசந்து போயிட்டானாம். ‘மண்ணும் வேண்டாம், ஆளும் வேண்டாம் சார், எல்லாம் தானா வளர்றது’ன்னாராம் இவர். ஆத்துக்கு வந்து எங்கிட்டயே சிரிச்சுண்டு சொல்றார்.”

மூன்றாம் மாடிக்காரியின் முறை வந்தது. தக்காளியின் பால்டியைத்தான் முதலில் குழாயடியில் வைத்தாள்.