வாசலில் நின்ற புரதம்

"செடியெல்லாம் செத்துடுச்சுங்க. சாயங்காலம் ஸ்வீட் வாங்கிட்டு வாங்க."

திருப்போரூரிலிருந்து கல்பாக்கம் போகிற காலை பஸ்ஸில், என் முன் சீட்டுப் பெண் கணவரிடம் சொன்னாள். செடிகளுக்கு வரும் நோயை ஆராய்கிறவள் என்பது பேச்சில் தெரிந்தது.

"செத்ததுக்கு இன்னாத்துக்கும்மா ஸ்வீட்டு?"

"நோயைத் தடுக்கிற புரதம் செல்லோட நியூக்ளியஸுக்குள்ள போனாத்தான் வேலை செய்யும்னு மூணு வருஷமா சொல்றேன், யாரும் நம்பல. உள்ள போறதுக்கு அதுல ஒரு அடையாளம் இருக்கு. அதை மட்டும் எடுத்துட்டேன். புரதம் இருந்துச்சு, ஆனா வெளியவே நின்னுடுச்சு. நோய் செடியைத் தின்னுடுச்சு."

"ஆளு கீறான், உள்ள போற பாஸு இல்ல. எங்க ஆபீஸ் கேட்டுல நிக்கிற மாதிரிதான்."

"ஆமா. போன மாசம் உங்களை நிறுத்தினாங்களே."

"நீதான் ஆட்டோ புடிச்சி எட்த்தாந்து குட்த்தியே."

"செடிக்கு யாரு எடுத்துட்டு வருவா, பாவம்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

கல்பாக்கத்தில் இறங்க எழுந்த கணவர் சட்டைப்பையைத் தடவினார். பிறகு டிபன் பையைத் துழாவினார். அவள் தன் கைப்பையிலிருந்து பாஸை எடுத்து நீட்டினாள்.

"எங்க இருந்திச்சி?"

"ஃப்ரிட்ஜ் மேல."