திமிங்கிலங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்த் தலைவர் ஷீலுக் அவர்களே, காலையில் அடக்க ஆராதனையை நடத்திய போதகர் தித்து அவர்களே, கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் கூட்டுறவுச் சங்கத்தாரே, பனிவண்டி ஓட்டுபவர்களே, முகாமில் சமைப்பவர்களே, பனிக்கரடி நெருங்காமல் துப்பாக்கியோடு காவல் நிற்பவர்களே, கடைசி வரிசையில் இடம் போதாமல் நெருக்கி உட்கார்ந்திருக்கும் படப்பிடிப்புக் குழுவினரே, மகள் பெத்தியின் கையைப் பிடித்தபடி இருக்கும் என் மருமகன் இப்பீலி அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

கடைசி வரிசையில் இருப்பவர்கள் என்னையும் இப்பீலியையும் மாறி மாறிப் பார்ப்பது தெரிகிறது. லீத்தியாவின் தாய் இறந்த பிறகு ஊரில் பிறந்த முதல் குழந்தை நான். அந்தத் தாயின் பெயரை எனக்கு வைத்தார்கள்; பெயரோடு உறவும் சேர்ந்து வரும் என்பது எங்கள் வழக்கம். அதனால் லீத்தியா எனக்கு மகள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த மகள். ஊருக்கு நான் உலாயுக், அவருக்கு அம்மா. லீத்தியாவின் கணவர் இப்பீலி என்னைக் கண்டால், "டீயை மறைச்சு வைங்கடா, மாமியார் வர்றாங்க" என்பார். எங்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. ஆனால் இன்று இங்கே நிற்பது முகாம் அலுவலகத்தில் அவரோடு வேலை செய்தவள் மட்டுமல்ல என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

லீத்தியா கவ்னாக் இறந்துவிட்டார்.

இந்த வாரம் முழுக்க இதைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும், விமானம் தாமதம் என்று சொல்லும் அதே குரலில்தான் வந்தது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று காத்திருக்கவும் இல்லை. வேலை இருந்தது. இப்போதும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் உள்ளே வரும்போது கீழே கரையில் பார்த்திருப்பீர்கள்: சறுக்குவண்டிகளில் சாமான் ஏற்றிக் கட்டி நிற்கிறது. திங்கட்கிழமை, கடற்பனி முடிந்து தண்ணீர் தொடங்கும் பனி விளிம்புக்குப் போகிறோமா, இல்லையா? இந்தக் கேள்விக்கு இந்த ஊரில் பதில் சொல்லிவந்தவர் லீத்தியா. நேற்று அதை என்னிடம் கேட்டார்கள். கூட்டம் முடிவதற்குள் சொல்கிறேன் என்றேன்.

முகாம் தலைவி லீத்தியா! அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. படமெடுக்க வந்தவர்கள் "இங்கே யார் தலைவர்?" என்று கேட்பார்கள். நாங்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்ப்போம். அவ்வளவுதான்.

வருகிறவர்கள் எல்லோரும் பெரிய கனவோடு வருகிறார்கள். அந்தக் கனவுக்கு எரிபொருள் வேண்டும், கூடாரம் வேண்டும், சூடான சாப்பாடு வேண்டும், காய்ந்த காலுறை வேண்டும். இதையெல்லாம் யார் கொடுத்தார்? லீத்தியா கொடுத்தார். எங்கள் சின்ன விமானத்தில் ஏறுகிற எல்லாவற்றையும் எடைபோட்டவர் யார்? லீத்தியாதான். ஒரு ஒளிப்பதிவாளர் லென்ஸ்களை மேலங்கிப் பைகளில் ஒளித்து, ஒன்றும் தெரியாதவர்போல நின்றார். லீத்தியா அவரைத் தோளைப் பிடித்து அப்படியே தராசில் ஏற்றினார். "ஐயா, நேத்து சாப்பிட்ட சூப்பு இவ்வளவு கனமா இருக்காது" என்றார். அந்த ஒளிப்பதிவாளர் பிறகு ஒவ்வொரு வருடமும் வந்தார். வந்ததும் தானே போய்த் தராசில் ஏறி நிற்பார்.

எடுத்த படங்களை இந்த மண்டபத்தில்தான் திரையிடுவார்கள். வெள்ளைவெளேரென்று கடற்பனி தெரியும். 'மனித நடமாட்டமே இல்லாத உலகம்' என்று பின்னணிக் குரல் கனமாகச் சொல்லும். ஒரு முறை அந்த இடம் வந்ததும் இருட்டுக்குள் லீத்தியாவின் குரல் எழுந்தது: "ஆளே இல்லையாம்டி! அப்போ ஒரு பானை சீல்கறி சூப்பையும் எவன் குடிச்சான்?" படத்தின் மிச்சத்தை யாரும் கேட்கவில்லை.

ஆனால் அவருடைய உண்மையான வேலை சூப்பு அல்ல, தராசும் அல்ல. பனி விளிம்பில் எல்லோரும் எந்தப் பக்கம் பார்ப்போம்? தண்ணீரைப் பார்ப்போம். திமிங்கிலம் அங்கேதான் வரும். கேமராவும் அந்தப் பக்கம், டீக்கோப்பையும் அந்தப் பக்கம், நம் கண்ணும் அந்தப் பக்கம். லீத்தியா மட்டும் பெட்டி மேல் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நமக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடக்கிற பனியைப் பார்ப்பார். ஆபத்து முன்னாலிருந்து வருவதில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு கோடு விழும். கோடு வாய்க்காலாகும். நாம் கொம்புத் திமிங்கிலத்தைப் பார்த்துக் கைதட்டும் நேரத்தில், நாம் நிற்கும் பனி கடலுக்குள் கிளம்பிவிட்டிருக்கும். இத்தனை பருவங்கள் விளிம்பில் இருந்தவர் எத்தனை திமிங்கிலம் பார்த்தார் என்று நினைக்கிறீர்கள்? நம்மைவிடக் குறைவாகத்தான்.

நான் நேரில் நின்ற ஒரு நாளைச் சொல்கிறேன்.

ஒரு குழு வாரக்கணக்கில் காத்திருந்தது. ஒரு மத்தியானம் தண்ணீர் அசைந்தது. கொம்புகள் மேலே வந்தன. ஒன்றோடொன்று உரசி நின்றன. அப்போது பின்னாலிருந்து, "தைமா" என்றார் லீத்தியா. முடிந்தது, கிளம்பு என்று அர்த்தம். அந்தச் சொல் வந்தால் கிளம்பியே ஆகவேண்டும் என்பது ஒப்பந்தம்.

நான் ஓடிப்போய்க் கெஞ்சினேன். "மகளே, கொஞ்ச நேரம் குடு. இதுக்குத்தானே இவ்வளவு நாளா உக்காந்திருக்காங்க."

"கொம்பு நல்லாயிருக்கா?"

"நீயே திரும்பிப் பாரேன்!"

"நான் பாக்குற பக்கம் நல்லாயில்லம்மா. கூடாரத்தைப் பிரிக்கச் சொல்லு."

குழுத் தலைவர் தன் மொழியில் கத்தினார். லீத்தியா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "என்னவாம்?"

"நன்றி சொல்றார்."

"மூஞ்சியைப் பாத்தா அப்படித் தெரியலையே. சரி, நானும் நன்றி சொன்னேன்னு சொல்லு. அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

கிளம்பினோம்.

இப்படி ஒரு கதை எப்படி முடியும் என்று உங்களுக்குத் தோன்றும். நாங்கள் வந்த பிறகு பனி உடைந்தது, எல்லோரும் லீத்தியாவின் காலில் விழுந்தார்கள் என்றுதானே? நண்பர்களே, பனி உடையவில்லை! அந்த வாரம் முழுக்க அப்படியே கிடந்தது. திமிங்கிலங்களும் விளையாடிவிட்டுப் போய்ச்சேர்ந்தன. குழு வெறுங்கையோடு திரும்பியது. அடுத்த வருடம் வேறு ஊருக்குப் போய்விட்டது. இந்த அறையில் பலருடைய வீட்டில் அந்த வருமானம் இல்லாமல் போனது. கடையில் சர்க்கரை வரிசையில் நின்றபோது ஒருவர் சத்தமாகவே கேட்டார், அவர் இங்கே இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார்: "என்ன லீத்தியா, உன் பனி இன்னும் அங்கேயேதான் இருக்காமே? நேத்து அதுமேல நின்னு டீ குடிச்சேன்!"

"உடையலையா? ரொம்ப சந்தோஷம். உடையறதைப் பாக்கணும்னா வீட்ல தட்டு இருக்கும், போட்டு உடை."

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் மேலும், ஊர் மேலும். "உனக்கு உறைக்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

"திட்டட்டும்மா. திட்டறதுக்கு உசுரோட இருக்கான் பாரு."

எனக்குப் புத்தகங்கள் படிக்கும் பழக்கம் உண்டு. அவற்றில் எச்சரித்தவர் சொன்னது கடைசியில் பலித்துவிடுகிறது. வெள்ளம் வருகிறது, கப்பல் மூழ்குகிறது, அவரைக் கேட்டிருக்கலாமே என்று எல்லோரும் வருந்துகிறார்கள். லீத்தியாவுக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கவே இல்லை. உடையாத பனிக்கு யார் சாட்சி? வராத கரடிக்கு யார் சாட்சி? அவர் முகாமிலிருந்து ஒருவர்கூடத் திரும்பாமல் போனதில்லை. அதனாலேயே அவர் சரியாகத்தான் சொன்னாரா என்று நமக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாமலேயே ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லைச் சொன்னார். நான் அவரை மதித்தது அதற்காக.

வயிற்றுவலி என்று ஒட்டாவா மருத்துவமனைக்குப் போனார். ஈரலில் நோய் என்றார்கள். தொலைபேசியில் என்னிடம் கடைசியாக, "காத்து எந்தப் பக்கம்?" என்றார். "மேற்கு" என்றேன். "ம்" என்றார். பிறகு செவிலி வந்துவிட்டார்.

அவர் இறந்த செய்திக்குப் பிறகு ஓர் அழைப்பு வந்தது, வழியில் விமானம் மாறும் இகாலுயிட் விமான நிலையத்திலிருந்து. சரக்குப் பிரிவில் இருப்பவர் எனக்குப் பழக்கமானவர். "உலாயுக், பெட்டி ஒண்ணு ஏத்தணும். எடை தாண்டுது. எதை எறக்கட்டும்?"

"எவ்வளவு எடை?" என்று கேட்டேன். "நீளம்?" என்று கேட்டேன். "ஒட்டாவாவிலிருந்து வந்தது" என்றார் அவர் மெதுவாக. அப்போதுதான் அது எந்தப் பெட்டி என்று எனக்குப் புரிந்தது.

அந்த விமானத்தில் வரவேண்டியிருந்தவை இந்தப் படப்பிடிப்புக் குழுவின் கேமராப் பெட்டிகள். குழுத் தலைவி வெரோனிக் அதோ கடைசி வரிசையில் இருக்கிறார். அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "எங்க சாமானை இறக்கச் சொல்லுங்க. அவங்க முதல்ல வீட்டுக்கு வரட்டும்." பெட்டிகள் நேற்றுத்தான் வந்தன. இந்தப் பருவத்தின் நல்ல நாட்களெல்லாம் அதற்குள் போய்விட்டன. வெரோனிக் அவர்களே, இந்த ஊர் இதை மறக்காது. எங்கள் வீட்டில் உங்களுக்கு எப்போதும் ஒரு நாற்காலி உண்டு.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

பனியைக் கடலுக்குள் தள்ளும் மேற்குக் காற்று நிற்கவில்லை. பாதைக்குக் குறுக்கே ஒரு வெடிப்பு இருக்கிறது. அது போன மாதத்திலிருந்தே இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று சிலர் சொல்கிறார்கள். இப்போது அகலமாகியிருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். நேற்று நானே போய்ப் பார்த்தேன். எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. குழுவுக்கு இது கடைசி வாய்ப்பு. ஓட்டுநர்களுக்கு இது வருடச் சம்பாத்தியம். லீத்தியாவுக்கு மரியாதையாக அவர் பெயரில் ஒரு முகாம் போடலாமே என்று நல்ல மனதோடு சொன்னவர்களும் இருக்கிறார்கள். நேற்று என் சமையலறையில் உட்கார்ந்து இப்பீலி சொன்னார்: "அத்தை, அந்த வீட்ல என்னால உக்கார முடியல. எங்கயாவது என்னைக் கூட்டிட்டுப் போ."

இரங்கல் கூட்டத்தில் கடைசியாக உறுதிமொழி எடுப்பார்கள். மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்பார்கள். லீத்தியாவின் பணி என்ன? கூட்டிக்கொண்டு போவதா? கூட்டிக்கொண்டு போக இங்கே எல்லோருக்கும் தெரியும்; 'தைமா' என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை நாம் போகவில்லை.

செவ்வாய்க்கிழமையும் இல்லை. இந்தக் காற்று நிற்கும்வரை நம் முகாமின் ஒரு வண்டியும் விளிம்புக்குப் போகாது. வெரோனிக் அவர்களே, நீங்கள் செய்த உதவிக்கு நான் செய்கிற கைம்மாறு இப்படி இருக்கிறது. என்னை நீங்கள் மன்னிக்க வேண்டியதில்லை. ஓட்டுநர்களே, உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பனி உடையாமலே போகலாம். அடுத்த வாரமும் யாராவது அதன்மேல் நின்று டீ குடிக்கலாம். அப்போது என்னிடம் வந்து சொல்லுங்கள். எல்லோரும் வந்து சொல்லுங்கள்.

மருமகனே, வீட்டில் உட்கார வேண்டாம். நான்கு சறுக்குவண்டிகளிலும் கயிற்றை அவிழ்த்துச் சாமானை இறக்கவேண்டும். ஈரக் கயிறு, முடிச்சு இறுகியிருக்கும், எனக்குத் தனியாக வராது. வாருங்கள், போவோம்.