வரி கட்டாத லைஃப் ஜாக்கெட்டுகள்

வெளிநாட்டிலிருந்து பொருள் வரவழைக்கும்போது விலையை மட்டும் பார்ப்பவன் ஏமாளி, ஐயா. பிரிஸ்பேன் கடையில் லைஃப் ஜாக்கெட் விலை கேட்டபோது நானும் கொஞ்ச நேரம் அந்த ஏமாளியாகத்தான் இருந்தேன். கப்பல் கூலி, சுங்கவரி, அதன் தலைமேல் இன்னொரு வரி, முகவர் கூலி. எல்லாம் சேர்ந்து, எங்கள் தீவின் லுகன்வில் துறைமுகத்தில் வந்து இறங்கும்போது பொருளின் விலை எங்கேயோ போய்விடுகிறது.

நான் வரவழைத்த சரக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதுமே, ஆள் ஏற்றும் என் படகில் கிடந்த பழைய ஜாக்கெட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பூஞ்சை பிடித்து நாறின. அந்த இடத்தில் கொப்பரை மூட்டைகளை ஏற்றினேன்.

சுங்கக் கொட்டகையில் வேலை பார்க்கும் மால்கம் என் மனைவியின் தம்பி. நல்ல பையன்.

"மச்சான், இப்பவே வரியைக் கட்டிட்டு எடுத்துட்டுப் போயிடுங்க. அரை மணி நேர வேலை" என்றான்.

என் சட்டைப்பையில் எங்கள் நாட்டுப் பணமான வட்டு நோட்டுகள் போதுமான அளவு இருந்தன. ஆனால் உயிர் காக்கும் பொருள் என்று காரணம் காட்டி, வரித் தள்ளுபடிக்கு மனுப் போட்டிருந்தேன். திங்கட்கிழமை பதில் வரும்.

"இப்பக் கட்டிட்டா, அப்புறம் தள்ளுபடி கிடைச்சாத் திருப்பித் தருவாங்களா?"

"அதெப்படித் தருவாங்க? கட்டினது கட்டினதுதான்."

"அப்பத் திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றேன். இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அன்று பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியது. அம்பே தீவுக்குத் திரும்பும் பிள்ளைகளால் படகு நிறைந்தது. ரோசினா டீச்சரும் மகள் லெவினாவோடு ஏறினார்.

"கராய் அண்ணே, ஜாக்கெட் ஒண்ணுகூடக் கண்ணுல படலையே?"

நான் கரையைக் காட்டினேன். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

"அதோ பாருங்க, புதுசே வந்து இறங்கிடுச்சு. அடுத்த நடைக்கு ஆளுக்கு ஒண்ணு."

"அப்பாடா, ஒருவழியா வாங்கிட்டீங்களா? இந்தக் கஞ்சன் எங்க வாங்கப் போறான்னு ஊரே பேசிச்சு" என்று சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை.

நான் ஒரு ஜாக்கெட் போட்டிருந்தேன். அது மாதிரிக்கென்று முன்பே தபாலில் வந்தது. சின்னப் பொட்டலம் என்பதால் அதற்கு வரி கேட்கவில்லை.

நடுக்கடலில் அலை பக்கவாட்டில் அடித்தது. மூட்டைகள் ஒரே பக்கமாகச் சரிந்தன. படகு கவிழ்ந்தது.

ரோசினா மகளை என் பக்கம் தள்ளிவிட்டார். "அண்ணே, இவளைப் பிடிச்சுக்குங்க" என்றார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. லெவினா என் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டாள். அது ஒருவரைத்தான் தாங்கும். உள்ளே அச்சடித்தே இருக்கிறது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். வலிக்காமல்தான் பிரித்தேன். மாமா என்று ஒரு தடவை கூப்பிட்டாள்.

மறுநாள் பேரிடர் உதவி என்று சொல்லிக் கொட்டகையைத் திறந்து, ஜாக்கெட்டுகளைத் தேடப்போன படகுக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு வட்டுகூட வரி கேட்கவில்லை. மால்கம் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஏன் என்று தெரியவில்லை.

அன்றைக்கே நான் கட்டியிருந்தால், அந்தப் பணம் திரும்பி வந்திருக்காது, ஐயா.