மண்டையை உடைத்தவனுக்குத் தவணை

திருவொற்றியூரிலிருந்து கோட்டைப் பக்கம் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் நெற்றித் தழும்போடு ஒரு கட்டுமரக்காரர், பக்கத்தில் அவருடைய தோஸ்து.

"கோர்ட்டுக்குத்தான் மாமு. என் மண்டைய ஒடச்சவனுக்கு டைம் கேக்கணும்" என்றார் தழும்புக்காரர். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்!

"மூள கலங்கிச்சா? அபராதத்துல பாதி ஒனக்குக் குடுக்கத்தானே தீர்ப்பு?"

"ஆமா. அவன் கட்டலன்னு கட்டுமரத்த ஜப்தி பண்ண போலீசு வந்துட்ச்சி."

"வாரினு போவட்டுமே!"

"எத்த வார்றது? கர வந்ததும் கயித்த அவுத்து, மரத்தத் தனித்தனியா காயப் போட்டுட்டான். ஏட்டு மணல்ல நின்னுகினு, 'கட்டுமரம் எங்கய்யா?'ன்னு என்னையே கேக்கறாரு."

"நீ இன்னா சொன்ன?"

"இங்க வெறும் கட்டதான் கீது சார்னேன்."

"அடப்பாவி, அவனக் காப்பாத்தினியா?"

"மரம் பூட்ச்சின்னா எத்த வெச்சு கடலுக்குப் போவான்? என் துட்டு எப்டி வரும்? மாசாமாசம் கட்ட மாஜிஸ்ட்ரேட்டு ஒத்துப்பாருன்னு வக்கீல் குமாஸ்தா சொன்னாரு."

"அவன நம்பறியா?"

தழும்புக்காரர் எட்டி, தனக்கு முன்சீட்டில் தலை குனிந்திருந்த ஆளின் தோளைத் தட்டினார். "இன்னாடா, நம்பலாமா?"

அந்த ஆள் திரும்பி, மடியிலிருந்த முடிச்சை எடுத்துக் காட்டினார். "மொதத் தவணைய கையோட கொண்டாந்துகீறேண்ணா."

தழும்புக்காரர் தோஸ்தை இடித்தார். "மாமு, கொஞ்சம் நவுரு. டேய், இங்க வந்து குந்து. உள்ள போயி இன்னா சொல்றதுன்னு ரெண்டு பேரும் இப்பவே பேசிக்கலாம்."